பழைய ஜீப்பில் கால் சுடுகிறதா? புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் பழைய ஜீப் ஒன்றை இரண்டாம் கியரில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வலது கால் சாதாரணமாக இருக்கும். இடது கால் மட்டும், முழங்காலுக்குக் கீழே, விறகடுப்பின் வாயில் நீட்டியதுபோல் காயும். மேலே போகப் போக முகத்தில் மலைக்காற்று சிலுசிலுவென்று படும். காலடியில் சூடு குறையவே குறையாது. நம் ஊர் வண்டிகளில் ஓட்டுநர் வலப்புறம் உட்காருவதால் அவருடைய இடது கால், வண்டியின் நடுவில் உள்ள மேட்டை ஒட்டியே இருக்கிறது. அந்த மேட்டுக்கு அடியில் கியர் பெட்டி. அதற்குப் பின்னால், நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ். சற்றுத் தள்ளிப் புகைக்குழாய்.

என்னிடம் இருப்பது மகிந்திரா எம்.எம். 540. 2112 சி.சி. பியூஜோ டீசல் எஞ்சின், கித்தான் கூரை. நான் சொல்லப்போவது மாருதி ஜிப்சிக்கும் பழைய லேண்ட் ரோவருக்கும் பெரும்பாலும் பொருந்தும். எல்லாவற்றிலும் எஞ்சின் முன்னால், கியர் பெட்டி நடுவில், குழாய் தரைத்தகட்டுக்குக் கீழே. இந்தக் குடும்பத்தின் மூத்த வண்டியான வில்லிஸ் ஜீப் 1941இல் போருக்காகப் பிறந்தது. கதவு கிடையாது, கூரை பெயருக்கு இருந்தது. உள்ளே வந்த சூடு வந்த வேகத்தில் வெளியே போய்விட்டது. அதே அமைப்பின் மேல் நாம் கதவும் ஜன்னலும் கூரையும் வைத்து மூடினோம். அன்றிலிருந்து சூடு உள்ளேயே தங்குகிறது.

புதிதாக வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலை, கடைக்குப் போய் விரிப்பு வாங்குவது. என் வண்டிக்கும் முதல் கோடையில் அதுதான் நடந்தது. வெள்ளித்தாள் ஒட்டிய தார் விரிப்பைத் தரை முழுவதும் ஒட்டித் தந்தார்கள். ஏப்ரலில் சைலன்சருக்கு நேர் மேலே இருந்த பகுதி இளகி, தார் நாற்றம் வண்டிக்குள் நிறைந்தது. புட்டிக் கத்தியாலும் மண்ணெண்ணெயாலும் அதைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த விரிப்பு தகட்டின் அதிர்வை அடக்குவதற்கானது, அதை ஒழுங்காகச் செய்யும். வெப்பத்தைத் தடுக்கும் சக்தி அதற்கு மிகக் குறைவு. சூட்டை உள்ளே வந்த பிறகு எதிர்ப்பதைவிட, தகட்டுக்கு வெளியிலேயே நிறுத்துவது எளிது, செலவும் குறைவு. கீழே உள்ள வரிசை அதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

சூடு எப்படி வருகிறது?

அடுப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பைத் தொடாமல் எதிரே நின்றாலே முகம் காய்கிறது, அது கதிர்வீச்சு. பானை மூடியைத் திறந்ததும் ஆவி கையில் அடிக்கிறது. அது சூடான காற்றின் ஓட்டம். குழம்பில் கிடந்த கரண்டியின் காம்பு சுடுகிறது. அது உலோகத்தின் வழியே கடத்தப்பட்ட வெப்பம். ஜீப்பில் மூன்றும் உண்டு. புகைக்குழாய் தரைத்தகட்டைக் கதிர்வீச்சால் காய்ச்சுகிறது. எஞ்சின் விசிறி தள்ளும் அனல் காற்று, எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் உள்ள தடுப்புத் தகட்டின் ஓட்டைகள் வழியாக உள்ளே நுழைகிறது. சூடேறிய தகடு உங்கள் செருப்புக்கும் இருக்கைக்கும் சூட்டைக் கடத்துகிறது. முதலாவதற்குப் பளபளப்பான தகட்டு மறைப்பு வேண்டும், இரண்டாவதற்கு ஓட்டையை அடைக்க வேண்டும், மூன்றாவதற்கு நுரை விரிப்பு வேண்டும். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது.

முதல் வேலை: அளந்து எழுதுங்கள்

தொடாமலே வெப்பம் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி இப்போது எளிதாகக் கிடைக்கிறது. ஒன்று வாங்குங்கள், அல்லது பட்டறையில் இரவல் கேளுங்கள். பளபளப்பான உலோகத்தின் மேல் அது தவறாக, பெரும்பாலும் குறைவாகக் காட்டும். அளக்க வேண்டிய இடங்களில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு விரல் நீளம் ஒட்டி, அதன் மேல் அளங்கள்.

தரையிலுள்ள ரப்பர் விரிப்புகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். வழக்கமாகப் போகும் பாதையில் முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, எஞ்சினை நிறுத்தாமல் அளந்து, அந்தந்த இடத்திலேயே சுண்ணக்கட்டியால் எண்ணை எழுதுங்கள். என் வண்டியில் கிளட்ச் பெடலுக்குப் பின்னால் 52, மேட்டின் சரிவில் 57, பின் இருக்கைக்கு முன்னால் சைலன்சருக்கு மேலே 68 டிகிரி செல்சியஸ் வந்தது. 68 டிகிரியில் உள்ள இரும்பில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடியாது. எழுதி முடித்துப் பார்த்தால் தரை ஒரு வரைபடமாக இருக்கும். எங்கே முதலில் கை வைக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எஞ்சின் நலமாக இருக்கிறதா?

எஞ்சினே அளவுக்கு மீறிக் கொதித்தால் வேறு எதைச் செய்தும் பயனில்லை. ரேடியேட்டரின் முன்பக்கத்தை விளக்கடித்துப் பாருங்கள். சேறும் பூச்சியும் அடைத்திருந்தால் எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உயர் அழுத்தத் தண்ணீர் பட்டால் மெல்லிய இதழ்கள் மடங்கிவிடும். உள்ளே உப்புப் படிந்திருந்தால் ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்துக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

விசிறியைச் சுற்றி ஒரு தகட்டுக் கூண்டு இருக்க வேண்டும். பல பழைய வண்டிகளில், பெல்ட் மாற்ற இடைஞ்சல் என்று யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் விசிறி, ரேடியேட்டர் வழியாகப் புதுக்காற்றை இழுக்காமல் பானெட்டுக்குள் உள்ள அனலையே சுற்றிச் சுற்றி அடிக்கும். பழைய இரும்புக்கடையில் தேடியாவது அதைத் திரும்பப் பூட்டுங்கள்.

எஞ்சின் சூடான பிறகு மட்டும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டையும் இப்படியே கழற்றிவிடும் பழக்கம் உண்டு. அது இல்லாமல் சமவெளியில் டீசல் எஞ்சின் போதிய சூடேறாமல் ஓடும், தேய்மானம் கூடும். மலையில் ரேடியேட்டர் அடைத்திருந்தால் எப்படியும் கொதிக்கும். புதியதைப் போடுமுன் ஒரு பாத்திரத் தண்ணீரில் வெப்பமானியோடு சேர்த்து அடுப்பில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை 80 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கும். கண்ணெதிரே வாய் விரிவது தெரியும்.

ஜிப்சி போல ஹீட்டர் உள்ள வண்டி என்றால் இன்னொன்றையும் பாருங்கள். எஞ்சின் சூடான பிறகு ஹீட்டர் நெம்புகோலைக் குளிர் பக்கம் தள்ளிவைத்து, தடுப்புத் தகட்டுக்குள் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டுமே சுட்டால் வால்வு மூடவில்லை என்று பொருள். கோடை முழுவதும் வெந்நீர் உங்கள் காலடியில் ஓடிக்கொண்டிருக்கிறது! பெரும்பாலும் கேபிள் தளர்ந்திருக்கும், இறுக்கினால் தீர்ந்தது.

புகை கசிகிறதா?

இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஓடவிட்டு, எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டு அருகே காது கொடுங்கள். ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டு, சூடானதும் அது குறைந்தால், இணைப்பை அடைத்திருக்கும் கேஸ்கெட் வழியாகப் புகை ஊதுகிறது. இணைப்புகளில் கரி படிந்த கோடு இருந்தாலும் அதே பொருள்தான். கசியும் இடத்தில் வெளிவரும் புகை பல நூறு டிகிரி சூட்டில் தடுப்புத் தகட்டின் மேல் அடிக்கும். சூட்டைவிடப் பெரிய ஆபத்தும் அதில் இருக்கிறது: கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. டீசலைவிடப் பெட்ரோல் எஞ்சினில் அது அதிகம். நீண்ட பயணத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் வெயில் என்று நினைத்துவிடாமல் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுங்கள்.

கித்தான் கூரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்று வரட்டும் என்று பின் திரையை மட்டும் சுருட்டிவிட்டு ஓட்டுவது நம் வழக்கம். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், சொந்தப் புகையே அந்த வழியாக உள்ளே இழுக்கப்படும். பின் திரையைத் திறந்தால் பக்கத் திரைகளையும் திறந்துவையுங்கள்.

ஓட்டைகளைக் கண்டுபிடிப்பது

குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் வேலை இதுதான். மலையேறும்போது வண்டி மெதுவாகப் போகிறது, எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது. விசிறி அவ்வளவு அனலையும் பின்னுக்குத் தள்ளி, ஃபயர்வால் எனப்படும் தடுப்புத் தகட்டின் மேல் மோதவைக்கிறது. அந்தத் தகட்டில் ஒரு விரல் நுழையும் ஓட்டை இருந்தாலும் காலில் ஊதுலைபோல் அடிக்கும்.

இருட்டிய பிறகு பானெட்டுக்குள் ஒரு பிரகாசமான விளக்கை வைத்து மூடிவிட்டு, உள்ளே போய்க் குனிந்து பாருங்கள். முதல்முறை பார்த்தபோது என் தடுப்புத் தகடு நட்சத்திர வானம்போல் இருந்தது. ஸ்டீயரிங் தண்டு நுழையும் இடம், பெடல் தண்டுகள், வயர் கட்டு, முன்பு எதற்கோ துளையிட்டு மறந்துபோன போல்ட் ஓட்டைகள் எல்லாம் வெளிச்சம் காட்டின. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு.

வெளிச்சம் நேர்க்கோட்டில் வரும் ஓட்டையை மட்டுமே காட்டும். வளைந்து நெளிந்து வரும் காற்றுக்கு ஊதுபத்தி. பெட்ரோல், டீசல் கசிவு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளிருந்து ஊதுபத்தியை மேட்டின் ஓரமாகவும் கியர் கம்பியின் அடியிலும் மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழுந்துகொண்டிருக்கும். கசிவு உள்ள இடம் வந்ததும் சட்டென்று உங்கள் முகத்தை நோக்கிச் சாயும். அங்கே சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போடுங்கள்.

அடைப்பதற்கு, தேவையற்ற துளைகளுக்கு ரப்பர் அடைப்பான் அல்லது சிறு தகடு வைத்து போல்ட். வயர்கள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். தகட்டு விளிம்பு வயரை அறுத்தால் தீ வரை போகும். மீதி இடுக்குகளுக்கு எஞ்சின் கேஸ்கெட்டுக்குப் போடும், சூடு தாங்கும் சிலிக்கான் பசை. சாதாரண ஃபோம் ஸ்பிரே எளிதில் தீப்பற்றும், அது வேண்டாம். கியர் கம்பிக்கும் நான்கு சக்கர இயக்கக் கம்பிக்கும் உள்ள ரப்பர் உறைகள் அநேகமாகக் கிழிந்திருக்கும். மேலே தோல் உறை அழகாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதைத் தூக்கிவிட்டு அடியில் உள்ள ரப்பரைப் பாருங்கள். புதிய உறை போட்டு, அதைத் தகட்டு வளையத்தால் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். என் இடது காலுக்குக் கிடைத்த நிம்மதியில் பாதி அந்த ஒரு ரப்பர் உறையால் வந்தது.

தகட்டு மறைப்பு

புகைக்குழாய்க்கும் தரைத்தகட்டுக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தகடு. கேட்பதற்கு எளிது, ஆனால் பலர் இதைத் தவறாகச் செய்கிறார்கள். தகட்டை நேராகத் தரையின் அடியில் ஒட்டிவிட்டால், அது வாங்கிய சூட்டை அப்படியே தரைக்குக் கடத்திவிடும். பளபளப்பான அலுமினியம் தன்மேல் படும் கதிர்வீச்சில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அதனோடு, மறைப்புக்கும் தரைக்கும் நடுவில் ஓடும் காற்று மிச்சச் சூட்டை அள்ளிச் செல்கிறது. அந்த இடைவெளி இல்லாத மறைப்பு பாதி மறைப்புகூட இல்லை.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். குழாய் முழுவதும் குளிர்ந்த பிறகு கீழே படுங்கள். சக்கரத்தைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டு வைத்தே கீழே போகவும். முதலில் கார்ட்போர்டில் அளவு வெட்டி, குழாயின் வளைவுக்கு ஏற்ப மடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவில் ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வெட்டி, ஓரங்களைச் சிறிது மடித்துவிடுங்கள். இல்லையென்றால் தகரம்போல் அதிரும். குழாயைவிட இரு பக்கமும் நான்கு விரற்கடை அகலமாக இருக்கட்டும். தரைக்கும் மறைப்புக்கும் நடுவில் 15 மில்லிமீட்டர் வருமாறு இரும்புக் குழாய்த் துண்டுகளை வைத்து போல்ட் போடுங்கள். குழாய்க்கும் மறைப்புக்கும் நடுவில் இரண்டு, மூன்று சென்டிமீட்டராவது வேண்டும். எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடும்போது குழாயும் சேர்ந்து ஆடும். முன்னும் பின்னும் திறந்தே இருக்கட்டும், காற்று போய்வர வேண்டும்.

துளையிடுமுன் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். வில்லிஸ் வழிவந்த சில ஜீப்புகளில் எரிபொருள் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கும். பிரேக் குழாயும் வயர்களும் எங்கே போகின்றன என்றும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

குழாயின் மேல் கண்ணாடி இழைப் பட்டை சுற்றச் சொல்வார்கள். பந்தய வண்டிக்கு அது சரி. ஓடையில் இறங்கி ஏறும் ஜீப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே குழாய் துருப்பிடித்து இற்றுப்போவது வெளியே தெரியாது. எண்ணெய் ஊறினால் தீப்பிடிக்கவும் கூடும். ஆஸ்பெஸ்டாஸ் அட்டையோ கயிறோ யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரலாம்.

இனி விரிப்பு

இவ்வளவும் முடிந்த பிறகுதான் உள்ளே விரிப்பு. ஏ.சி. குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் நுரைத் தாள் இதற்கு நன்றாக உதவும். நுரையின் நுண்துளைகள் ஒன்றோடொன்று சேராமல் மூடியிருப்பதால் தண்ணீரை உறிஞ்சாது, 100 டிகிரியை ஒட்டிய சூடு வரை தாங்கும். ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் கனம் போதும். பெடல்களுக்குக் கீழே கனம் கூடினால் பெடல் முழுதாக அமுங்காது, அந்த இடத்தில் கையால் அழுத்திச் சோதியுங்கள். சாதாரண பஞ்சு, ஸ்பாஞ்சு, கம்பளம் எதுவும் வேண்டாம். மழைக்காலத்தில் ஈரம் கோத்துத் தரையே ஓட்டையாகிவிடும்.

ஒட்டுவதற்கு முன் துருவைச் சுரண்டி எபாக்சி பிரைமர் அடியுங்கள். தரையிலுள்ள வடிகால் துளைகளின் மேல் விரிப்பு போகக் கூடாது. கித்தான் கூரை வண்டியில் பசை போட்டு ஒட்டாமல், தாளைத் தரையின் வடிவத்துக்கு வெட்டி, மேலே கனமான ரப்பர் பாயைப் போட்டு வைத்தாலே நிற்கும். நனைந்த நாளில் எடுத்து வெயிலில் காயவைக்கலாம்.

பானெட்டும் கூரையும்

பானெட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்து உயர்த்தினால் சூடு வெளியேறும் என்று ஒரு யோசனை உலவுகிறது. ஊர்ந்து போகும்போது அது ஓரளவு உண்மை. வேகம் கூடியதும் முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் உயரும். வெளியே போக வேண்டிய அனல் அந்த இடுக்கு வழியாகத் திரும்பும், கண்ணாடிக்கு முன்னால் காற்றுத் துவாரம் உள்ள வண்டியில் கேபினுக்குள்ளும் புகும். பானெட்டின் நடுப்பகுதியில், பின்னோக்கித் திறந்த சாய்வு இடுக்குகள் போடுவது இதைவிட நல்லது. அதற்கு நல்ல டிங்கரிங் கை வேண்டும்.

கூரைக்கு, பழைய லேண்ட் ரோவர் ஸ்டேஷன் வேகன்கள் நல்ல பாடம். வெப்ப நாடுகளுக்குப் போன வண்டிகளில் கூரைக்கு மேலே இன்னொரு கூரைத் தகடு, நடுவில் காற்று ஓட இடைவெளி. சைலன்சர் மறைப்பில் நாம் செய்த அதே வேலைதான், இங்கே வெயிலுக்கு எதிராக. கித்தான் கூரையை மாற்றும் நேரம் வந்தால் கறுப்பையும் கரும்பச்சையையும் விட்டு வெளிர் நிறம் கேளுங்கள். கம்பிச் சட்டத்தின் உட்புறம் ஒரு பருத்தித் துணியை மூன்று விரல் இடைவெளியில் கட்டினால் தலைக்கு மேலுள்ள காய்ச்சல் நன்றாகக் குறையும். கித்தானை எடுத்துவிட்டு இரும்புக் கூரை போடும் எண்ணம் இருந்தால் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களை மீறிய மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை விதிக்கிறது.

ஏ.சி. பூட்டுவதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். மேலே சொன்ன வேலைகள் முடியும்வரை அதைத் தள்ளிப்போடுங்கள். அதன் சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் உட்காரும், கம்ப்ரசர் எஞ்சினின் விசையில் பங்கு கேட்கும்; ஏற்கனவே திணறும் எஞ்சினுக்கு மலையில் அது கூடுதல் சுமை.

மறுபடி அளவு

அதே பாதை, ஏறக்குறைய அதே வெயில், அதே முக்கால் மணி நேரம். விரிப்பை எடுத்துவிட்டு அதே டேப் துண்டுகளின் மேல் அளங்கள். எனக்கு 68 இருந்த இடம் 47 ஆயிற்று. மேட்டுச் சரிவு 57இலிருந்து 45. ஏதாவது ஓர் இடம் மட்டும் இறங்கவில்லை என்றால் அங்கே மறுபடி ஊதுபத்தியைக் காட்டுங்கள். அநேகமாக இன்னொரு ஓட்டை இருக்கும்.

காட்டுப் பாதையில் போய்வந்த ஒவ்வொரு முறையும் கீழே குனிந்து மறைப்புக்குள் பாருங்கள். காய்ந்த புல்லும் சருகும் குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும், சூடான சைலன்சரில் அது பற்றிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. நான் முன்னிருக்கைக்கு அடியில் கொக்கிபோல் வளைத்த ஒரு முழக் கம்பி வைத்திருக்கிறேன். கோடையில் புல்வெளியைக் கடந்த உடனே நிறுத்தி, அந்தக் கம்பியால் ஒருமுறை இழுத்துவிட்டுத்தான் மேலே போவேன்.